ஓடத் தொடங்குவதையும் கணக்கில் சேருங்கள்

சுழலும் எந்திரத்தை சிமுலேஷனில் வடிக்க நிலையான வேகம் ஒன்றே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ்; அதில் இணைந்த இருமுனை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று. பிறகு எதற்கு வீண் கணக்கு?

அந்த வாதம் செல்லுமா? எந்த டர்பைனும் பிறக்கும்போதே 3000 சுற்றில் பிறப்பதில்லை. சுழியத்திலிருந்து ஏறும் வழியில் பல ரோட்டர்கள் தம் மாறுநிலை வேகத்தைக் கடக்கின்றன. அதிர்வு உச்சம் தொடுவது அங்கேதான். வேகமாகக் கடந்தால் உச்சம் தணியும், சற்றே மேல் வேகத்துக்கு நகரும் என்று பொறியாளர் எஃப். எம். லூயிஸ் 1932-லேயே கணக்கிட்டுக் காட்டினார். நிலைவேக மாதிரி இதைக் காட்டவே காட்டாது.

"வேகத்தை நேரத்தோடு மாற்றிவிட்டால் ஆயிற்று" என்பதும் அரைகுறை. பலர் சுழற்சிக் கோணத்துக்கு அந்தக் கணத்து வேகத்தை நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். கோணம் என்பது வேகத்தின் தொகையீடு. சீராக முடுக்கும் ரோட்டருக்குப் பெருக்கல் இருமடங்கு கோணம் தரும். திரையில் எந்திரம் இருமடங்கு வேகத்தில் ஓடும். அதோடு, அதிர்வைத் தூண்டும் சமநிலையின்மை விசையில் கோண முடுக்கத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும்.

கணினி நேரம் செலவாகும் என்பது உண்மை. சீரான ஓட்டத்தின் திறனை அறிய நிலைவேகம் போதும். வேகம் ஏறும்போது எழும் அதிர்வை ரோட்டரின் தாங்கி தாங்குமா என்று அறிய அது போதாது.