வதந்திக்கு முதலில் மூட்டை கட்டுவது யார்?

தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. 2024 ஜூலை 13 அன்று காலை, அதில் அடைத்துக் கிடந்த குப்பையை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. குப்பைக்குப் பொறுப்பு ரயில்வேயா மாநகராட்சியா என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டன.

அந்த மூன்று நாளும் தம்பானூரில் செல்போனைப் பார்க்காத ஆள் இல்லை. நம் காலடியில் நடந்ததையும் நாம் போனில்தான் பார்த்தோம். ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. போன் அங்கே போயிற்று. நாமும் போனோம். கூலிக்குக் குப்பையில் இறங்கி மாண்டவனைப் பற்றிப் பேச்சு அடங்கியது. பத்து நாள் கழியவில்லை. 'அடுத்தது முல்லைப் பெரியாறு' என்று புதிய செய்தி கிளம்பியது.

இங்கேதான் நமக்குக் கவலை தொடங்குகிறது. முல்லைப் பெரியாறு என்றால் மற்றவர்களுக்கு அணை. கேரளத்தில் பிழைக்கும் தமிழனுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நம் சங்கத்தின் வாட்சப் குழுவில் அந்த நாட்களில் ஒரு படம் சுற்றியது. பேருந்துகள் எரிகின்றன. 'கேரளத்தில் தமிழர்கள் மீது தாக்குதல், எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று மேலே எழுத்து. சாலையில் கடை வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவருக்குத் தென்காசியிலிருந்து தாயார் அழுதுகொண்டே போன் செய்தார்: "ஏல, அங்க நம்ம ஆளுகள அடிக்காங்களாமே? கணக்கு வழக்கெல்லாம் பெறகு பாத்துக்கலாம், இன்னைக்கே வண்டி ஏறு." விசாரித்தால், அது 2016 செப்டம்பரில் காவிரித் தகராறின்போது பெங்களூரில் எரிந்த பேருந்துகள்! அதை நம் குழுவில் போட்டவர் வெளியாள் அல்ல, நம்மில் ஒருவர். அதைப் பிறருக்கு அனுப்பியவர்களில் நிர்வாகிகளும் உண்டு. ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒப்புக்கொள்கிறோம்.

வதந்தி ஊரில் கிளம்பியதும் அது முதலில் வந்து நிற்கும் இடம் ரயில் நிலையம். டிக்கெட் கவுண்டரில் உட்காருபவர்களுக்கு இது தெரியும். 2012 ஆகஸ்டில் பெங்களூரில் என்ன நடந்தது? அசாம் கலவரத்துக்குப் பழிவாங்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தி பரவியது. வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலடியில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குத் தனி ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒருவர் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு 15 நாள் தடை போட்டது.

2023 மார்ச்சில் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழர்கள் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் இருந்தவர்கள் பயந்து வண்டியேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. படங்கள் பொய் என்று காவல்துறை அறிவித்தது. பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. ஆனால் ஓடியவனுக்குப் போன நாள் கூலியை யார் கொடுத்தார்கள்? 'தமிழன் அப்படிச் செய்வானா?' என்று நாம் கோபப்பட்டோம். நியாயம். அதே நியாயத்தோடு, 'மலையாளி அடிக்கிறான்' என்று வருவதையும் விசாரிக்க வேண்டாமா?

ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2011 டிசம்பரில் இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தேனிப் பக்கம் இறங்கி ஓடியது உண்மை. அந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதும் உண்மை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2021 அக்டோபரில் மீண்டும் பீதி கிளம்பியபோது, அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன், ஆபத்து எதுவும் இல்லை, பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை வரும் என்று சட்டமன்றத்திலேயே சொன்னார். அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினோம்? பயத்துக்கு இருக்கும் கால் மறுப்புக்கு இல்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இன்றைய கூத்தாடி, நாம் போனை எத்தனை நேரம் பார்க்கிறோம் என்று கணக்குப் பார்த்துக் காசு சேர்க்கும் கம்பெனி. அவனுக்குத் தமிழனும் ஒன்றுதான், மலையாளியும் ஒன்றுதான். ஓட்டுக்காக நெருப்பு மூட்டுபவன் அவனுக்குக் கூட்டாளி.

இந்த ஊரில் தமிழனுக்குச் செய்தி புதிதல்ல. தினமலர் 1951இல் தொடங்கியது இதே திருவனந்தபுரத்தில்தான். தெற்குத் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டக் காலம் அது. அச்சிட்ட தாளில் சொன்னவன் யாரென்று தெரியும். தவறென்றால் போய்க் கேட்கலாம். இன்று வரும் படத்துக்குத் தகப்பன் யார்?

இன்னொரு குறையும் நம்மிடமே இருக்கிறது. இருபது வருடம் இங்கே சம்பாதித்தும் பலருக்கு மலையாளப் பத்திரிகையின் தலைப்பைக்கூடப் படிக்கத் தெரியாது. பக்கத்துத் தெருச் செய்தி தென்காசியைச் சுற்றிக்கொண்டு நமக்கு வருகிறது. வரும் வழியில் கொம்பும் முளைக்கிறது.

எனவே நாம் முடிவு செய்ய வேண்டியவை இவை. எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாத படத்தை உறுப்பினர் யாரும் அனுப்பக்கூடாது. இரட்டை அம்புக்குறியோடு வந்தால், பல கை மாறி வந்தது என்று பொருள். அது நம்மோடு நிற்கட்டும். சந்தேகம் வந்தால் அந்த ஊரில் இருக்கும் நம் ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். சங்கத்தில் மாலை நேர மலையாள எழுத்து வகுப்பு தொடங்க வேண்டும்.

அரசிடமும் ஒன்று கேட்கிறோம். தமிழர்கள் கேரளத்தில் அங்கீகரிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மையினர். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சிற்றூர் வட்டங்களிலும் இந்தத் தலைநகரிலும் எச்சரிக்கையும் மறுப்பும் உடனுக்குடன் தமிழில் வர வேண்டும். அரசு வாய் மூடிக் கிடந்தால், அந்த இடத்தில் வதந்திதான் பேசும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்றார்கள் பெரியவர்கள். போனில் காண்பதற்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். தீர விசாரிப்போம், தோழர்களே. வதந்தியை நம்பி மூட்டை கட்டுபவன் கடைமுதலாளி அல்ல, மந்திரி அல்ல. நாம்தான்.