நாளா ஓடுகிறது?

குர்காவ் வந்து 11 வருஷம் ஆகிவிட்டது. ஆபீசில் கொரிய மேலாளர் ஒருவர். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், "பொல்ஸொ!" என்பார். 'அதுக்குள்ளேயா!' என்று அர்த்தம். நேரம் விரைந்து போனால் "சொன்சல்காச்சி", அதாவது எய்த அம்பு மாதிரி. "நுன் கம்ஜாக்கல் சாயி" என்பது நம்ம 'கண் மூடித் திறக்கறதுக்குள்ள'தான். 10 வருஷம் போனால் ஆறும் மலையும்கூட மாறிவிடும் என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அம்பு தானாகவா பறக்கும்? யாரோ எய்ததுதானே! "ரெண்டே வருஷம்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். சம்பள உயர்வு, வீட்டுக் கடன், பெண்ணின் ஸ்கூல் என்று ஒவ்வொன்றாக எய்ததும் நான்தான். அம்மாவுக்கு இப்போது ஃபோனில் காது கேட்பதில்லை, கடிதம் போடுகிறார். பேத்திக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

'நாள் ஓடிப்போச்சு' என்றால் பழி நாள் மேல் போய்விடுகிறது. 'நான் ஓடவிட்டேன்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சுருக்கென்று இருக்கும். போன ஞாயிறு பெண்ணை உட்கார வைத்து 'அ' எழுத வைத்தேன். பொங்கலுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. நீங்கள்?