செஸ் போட்டின்னா சென்னைதானா?
மண்டபம், லாட்ஜ், நடுவர் கிடைக்காமல் மாவட்டங்கள் திண்டாட்டம்

உலக சாம்பியன் பட்டம் 2024 டிசம்பரில் குகேஷ் கைக்கு வந்தது. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனால் பெரிய செஸ் போட்டி என்றதும் வெளியூர்ப் பிள்ளைகள் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஏன் இந்த நிலை?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

மாவட்டங்களில் போட்டியே இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போட்டி நடக்கும். நுழைவுக் கட்டணம் வசூலிப்பார்கள். ஊர் ஜவுளிக்கடை, நகைக்கடை பேனர் தொங்கும். மாலையில் கோப்பை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு இது போதாது. அதற்குக் கணக்கில் சேர வேண்டுமானால் பொதுவாக 9 சுற்று ஆட வேண்டும். ஒவ்வோர் ஆட்டமும் பல மணி நேரம் இழுக்கும். வெளிநாட்டு வீரர்களும், பட்டம் வாங்கியவர்களும் எதிரே உட்கார வேண்டும். தகுதி பெற்ற நடுவர்கள் வேண்டும். ஆக, மண்டபம் ஒரு வாரத்துக்காவது வேண்டும்.

இங்கேதான் சிக்கல். லீவு விட்டால்தான் பிள்ளைகள் வர முடியும். கோடை லீவிலோ முகூர்த்தம் வரிசை கட்டி நிற்கும். கல்யாணத்தை விட்டுவிட்டு எந்த மண்டபக்காரர் செஸ்சுக்குச் சாவி கொடுப்பார்? வெளிநாட்டு வீரருக்கு விமான டிக்கெட், நல்ல ரூம், சாப்பாடு, கார் எல்லாம் தர வேண்டும். விமான நிலையம் தூரமாக இருந்தால் செலவு இன்னும் ஏறும்.

மாமல்லபுரம் சொன்ன பாடம்

2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் சென்னையிலிருந்து 50 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி, மாமல்லபுரத்தில் நடந்தது. உக்ரைன் போரால் ரஷ்யாவின் கை நழுவிய போட்டி அது. நாலே மாதத்தில் ஏற்பாடு முடிந்தது. ஒரே நேரத்தில் சுமார் 700 பலகைகளில் ஆட்டம். அரசு ஒதுக்கிய தொகை 90 கோடி ரூபாய்க்கு மேல். அப்படியும் தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில்தான்!

அரசு பின்னால் நின்றால் ஊர் ஒரு தடையில்லை என்பது தெரிந்தது. ஆனால் அது ஒரு முறை வந்த திருவிழா. ஆண்டுதோறும் நடத்த யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

கிராமத்தில் நடக்கிறதே!

நெதர்லாந்தில் விக் ஆன் ஸீ என்று ஒரு கடலோரக் கிராமம். பக்கத்து இரும்பாலை 1938-ல் ஆரம்பித்த போட்டி, 1968 முதல் அங்கே நடக்கிறது. ஆலை இன்று டாடா ஸ்டீல் பெயரில் இருக்கிறது. உலக சாம்பியன்களே அந்தக் கிராமத்துக்குப் போய் ஆடுகிறார்கள். ஸ்பெயினில் லினாரஸ் என்ற சிற்றூரில் ஓட்டல் அதிபர் லூயிஸ் ரென்டெரோ முன்னின்று நடத்திய போட்டியும் உலகப் புகழ் பெற்றது. 2010-க்குப் பிறகு அது நின்றுபோனது. அதாவது, ஊர் சின்னதாக இருக்கலாம். கைவிடாத ஒரு புரவலர் வேண்டும்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் பட்டத்தைத் தேடித் தந்த போட்டி சென்னையில் நடக்கவில்லை. கோவையில் நடந்தது! நிதி நிறுவனம் ஒன்று செலவை ஏற்றது.

யாருக்கு நஷ்டம்?

சென்னையிலேயே நடந்தால் சென்னைப் பையன் வீட்டில் தூங்கி, அம்மா கையால் சாப்பிட்டு ஆட வருவான். ராமநாதபுரத்துப் பையனோ ராத்திரி பஸ்சில் கண் விழித்து வந்து உட்காருவான். கூட வரும் அப்பாவுக்கு ஒரு வாரச் சம்பளம் போச்சு. லாட்ஜ் வாடகை தனி. இரண்டு போட்டிக்கு இப்படிச் செலவழித்தால், மூன்றாவது போட்டிக்கு "படிப்பைப் பாருடா" என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

திருப்பூரில் பனியன் இருக்கிறது, சிவகாசியில் அச்சகம் இருக்கிறது, கரூரில் ஜவுளி இருக்கிறது. அரசு அரங்கத்தை வாடகையில்லாமல் கொடுத்து, ஊர் முதலாளிகள் ஆண்டுக்கு ஒரு வாரச் செலவை ஏற்றால், வெளிநாட்டு வீரர் அங்கே வருவார். பலகையில் மூலையில் நிற்கும் சிப்பாய்கூட நகர்ந்து போனால் ராணியாகலாம். மாவட்டத்துப் பிள்ளை நகர்வதற்குக் கட்டம் கொடுப்பது யார்?