ஓந்தானின் உறவினர் அல்லர்

கோட்டாற்று வேலிகளில் ஓந்தான் தலையாட்டுவதைக் காணாத நேயர் நாஞ்சில் நாட்டில் இருக்க மாட்டார். வடக்கே அதை ஓணான் என்பார்கள். நியூஜிலாந்தில் வாழும் டுவாட்டரா என்னும் பிராணியின் படத்தை அவரிடம் காட்டினால், "இதுவும் ஓந்தான்தானே!" என்பார். அதற்காக அவரை நாம் பரிகசிக்க மாட்டோம். லண்டன் பண்டிதராகிய ஜான் எட்வர்ட் கிரேயும் அதை ஓந்தான் குடும்பத்திலேதான் சேர்த்து வைத்தார். 1867-ஆம் வருஷத்தில் ஆல்பர்ட் குந்தர் என்பவர் அதன் எலும்புகளை ஆராய்ந்து, அது பல்லியினமே அன்று, மிகப் புராதனமான வேறொரு வம்சத்தின் கடைசிக் கொழுந்து என்று காட்டினார்.

சூக்ஷ்மம் வாயில் இருக்கிறது. மேலே இரண்டு வரிசைப் பற்கள். கீழ் வரிசை அவற்றின் நடுவே பொருந்தும். வாயை மூடிய பின் கீழ்த்தாடை முன்னே நகர்ந்து, இரையை ரம்பம்போல் அறுக்கிறது. உச்சந்தலையில் மூன்றாவது கண்ணும் உண்டு. ஆனால் ஓந்தானும் முக்கண்ணனே ஆகையால், அதைக் கொண்டு குலம் பிரிக்க முடியாது.

இது அந்நிய தேசத்து விஷயம் என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கோட்டா என்ற கிராமத்தின் பெயரால் வழங்கும் பாறை அடுக்கு ஒன்று உண்டு. (நமது கோட்டாற்றுக்கும் அதற்கும் பெயரொற்றுமையைத் தவிர வேறு சம்பந்தமில்லை.) தாகூரின் பெயரைத் தாங்கிய பாரபாசாரஸ் என்ற பெரிய டைனோஸரின் எலும்புகள் அகப்பட்டதும் அந்த அடுக்கிலேதான். பெரியதைக் கண்டு ஊர் வியந்தது. சிறியதைக் கவனிப்பார் அதிகமில்லை. அங்கே கிடைத்த சின்னஞ்சிறு தாடைத் துண்டுகளை ஆராய்ந்து, ஜி. வி. ஆர். பிரசாத், மன்ஹாஸ் என்னும் நம்மவர்களும் லண்டனைச் சேர்ந்த சூஸன் எவன்ஸ் அம்மையாரும் டுவாட்டராவின் பங்காளிகள் இரண்டை 2001-ஆம் வருஷத்தில் உலகத்துக்கு அறிவித்தார்கள். கோதாவரிசாரஸ், ரெப்பனசாரஸ் என்று நமது நதியும் ஊருமே அவற்றுக்குப் பெயராயின. காலம் 16 கோடி வருஷங்களுக்கும் முற்பட்டது. நமது பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த வம்சம் இங்கே அழிந்தது, உலகெங்கும் அழிந்தது. கடல் சூழ்ந்த நியூஜிலாந்தில் மட்டும் ஒரு கிளை தப்பிற்று. அங்கும் மனிதர்களோடு எலிகள் வந்து இறங்கின. முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் எமனாயின. பெரிய தீவுகளில் டுவாட்டரா பூண்டற்றுப்போய், கரையோரத்துச் சிறு தீவுகளில் மிஞ்சியது. 1895-ஆம் வருஷத்திலேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தார்கள். பிற்காலத்தில் தீவு தீவாக எலிகளை ஒழித்தார்கள். இன்வர்கார்கில் பொருட்காட்சிசாலையில் ஹென்றி என்ற கிழவர், 111 வயதென்று மதிக்கப்பட்ட நிலையில், 2009-இல் தகப்பனானார்!

எலிக்கு மருந்து உண்டு. வெயிலுக்கு என்ன செய்வது? மண்ணுக்குள் முட்டை 22 டிகிரிக்கு மேல் சூடேறினால், பொரிப்பவை பெரும்பாலும் ஆணாகவே பிறக்கின்றன. பூமியோ வருஷத்துக்கு வருஷம் சூடேறி வருகிறது. பெண்கள் குறைந்துபோன தீவு ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது.