நிலாத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

கீரமங்கலத்திலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு அகலமுள்ள பள்ளம் ஒன்று நிலாவில் இருக்கிறது. அதன் பெயர் மான்சினஸ். 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய வான நூல் அறிஞர் மான்சினியின் நினைவாக வைத்த பெயர் அது.

இந்தப் பள்ளம் எப்படி உண்டாயிற்று?

விண்வெளியிலிருந்து பாய்ந்து வந்த பெருங்கல் மோதியதால் உண்டாயிற்று. பூமியில் மழையும் காற்றும் இத்தகைய வடுக்களை அழித்துவிடுகின்றன. நிலாவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே பல கோடி ஆண்டுகள் ஆகியும் வடு மறையவில்லை.

அக்கம் பக்கம்

மான்சினசுக்கு வடக்கே மூட்டஸ், தென்மேற்கே சிம்பீலியஸ், தென்கிழக்கே போகுஸ்லாவ்ஸ்கி என்ற பள்ளங்கள் உள்ளன. மான்சினசுக்கும் போகுஸ்லாவ்ஸ்கிக்கும் இடையே உள்ள மேட்டு நிலத்தில்தான், 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6-04 மணிக்கு இந்தியாவின் 'சந்திரயான்-3' இறங்கியது. அதன் திட்ட இயக்குனர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல்.

அங்கே உருண்டோடிய வண்டிக்கு 4 நாளில் ஓர் ஆபத்து! 4 மீட்டர் அகலக் குழி ஒன்று, 3 மீட்டர் தூரத்தில் எதிர்ப்பட்டது. விஞ்ஞானிகள் அதைக் கண்டு, வண்டியை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள்.

ஏன் இந்தப் போட்டி?

நிலாவின் துருவத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றுகிறது. ஆகவே அங்குள்ள சில ஆழமான பள்ளங்களின் அடியில் வெயிலே படுவதில்லை. அந்த இருட்டில் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அதைக் குடிக்கலாம், பிரித்தால் சுவாசிக்கக் காற்றும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் கிடைக்கும். வல்லரசுகள் தென் துருவத்தைக் குறி வைப்பது இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக்கூடாது என்பது 1967-ம் ஆண்டு உலக ஒப்பந்தம். ஆனால் அங்கே தோண்டி எடுத்த பொருள் யாருக்கு? எடுத்தவருக்கே சொந்தம் என்று 2015-ல் அமெரிக்கா சட்டம் செய்தது. அமெரிக்கா முன்நின்று உருவாக்கிய 'ஆர்ட்டெமிஸ்' உடன்பாட்டில் 2023 ஜூனில் இந்தியாவும் கையெழுத்திட்டது. தோண்டி எடுப்பதால் மட்டும் இடத்தைச் சொந்தமாக்கியது ஆகாது என்கிறது அந்த உடன்பாடு. சீனாவும் ரஷியாவும் அதில் சேரவில்லை.

தலைமடைக்காரர் முழுவதையும் இறைத்துக்கொண்டால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? இது கீரமங்கலம் விவசாயிக்குத் தெரிந்த கணக்கு. நிலாவிலும் அதே கணக்குதான். பணமுள்ள நாடுகள் போய்ச் சேர்ந்த பிறகு பங்கு பேசிப் பயனில்லை. முறை வைப்பதை முன்னதாகவே செய்ய வேண்டும்.