நான்கு பாம்புக்கு மருந்து இருக்கிறது, ஐந்தாவதுக்கு?

அரசு மருந்துக் கிடங்கில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் என் கை வழியாக எத்தனையோ ஆயிரம் "பாம்புக்கடி மருந்து" குப்பிகள் போயிருக்கின்றன. உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். ஏற்றும்போது தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். பெயரில் பொதுவாகப் பாம்பு என்று இருப்பதால், எந்தப் பாம்பு கடித்தாலும் இது கேட்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். கேட்காது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு மட்டும்தான் அது மருந்து.

அந்த நான்கைத் தேர்ந்தெடுத்ததில் குற்றம் சொல்ல முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பங்கு இந்த நான்கின் கணக்குதான். மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய சங்கம். அதில் பாம்பு பிடிக்கும் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது, கிடங்கில் வேலை பார்த்த எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

என் கேள்வி மற்ற பாம்புகளைப் பற்றியது. நல்ல பாம்புக் குடும்பத்திலேயே இந்த நாலுக்குள் வராத சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தரையிலும் உண்டு, கடலிலும் உண்டு.

தரையில் இருப்பவர்களில் ஒருவர் பவளப் பாம்பு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம். பென்சிலைவிட மெல்லியது, நீளம் ஒரு அடி இருந்தால் அதிகம். தலை கறுப்பு, உடம்பு வெளிர் பழுப்பு, வாலில் இரண்டு கறுப்பு வளையம். மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் ஒளிந்து வாழும். சாப்பாடு பெரும்பாலும் மண்புழு போலிருக்கும் புழுப்பாம்புகள். தொந்தரவு செய்தால் தலையை ஒளித்துக்கொண்டு வாலைச் சுருட்டித் தூக்கி அதன் அடிப்பக்க நிறத்தைக் காட்டும். "தலை இங்கே இருக்கிறது" என்று எதிரியை ஏமாற்றும் வேலை. விஷம் உண்டு, ஆனால் வாய் அவ்வளவு சின்னது. மனிதரைக் கடிப்பது மிக அபூர்வம். ஆகவே அதற்கு மருந்து இல்லையே என்று நாம் தூக்கம் கெட வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்தில் தென்பட்டால் கையால் தொடாமல், அடிக்காமல் விட்டுவிட்டால் போதும்.

கடலில் இருக்கும் சொந்தக்காரர் கதை வேறு.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கத்துக் கரையில் வலை இழுத்தவர்களைக் கேளுங்கள். கடல் பாம்பைப் பார்க்காதவர் ஒருவரும் இருக்க மாட்டார். அது மீனோடு வலையில் வரும். வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். செவுள் கிடையாது, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். முட்டையிடாமல் தண்ணீரிலேயே குட்டி போடும் இனங்கள்தான் நம் கடலில் அதிகம். அவற்றில் முக்கியமானது ஹைட்ரோஃபிஸ் சிஸ்டோசஸ். மேல் தாடையின் நுனி அலகு போலக் கீழே வளைந்திருக்கும். பாரசீக வளைகுடாவிலிருந்து மலேசியா தாண்டியும் உண்டு. ஆழ்கடலைவிடச் சேறான ஆழமற்ற கரையோரமும் கழிமுகமும்தான் அதற்குப் பிடிக்கும். கெளுத்தியும் பேத்தை மீனும் அதற்கு உணவு. மீன் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வலையும் போடுவார்கள். அதனால் சந்திப்பு தவிர்க்க முடியாதது. உலகத்தில் கடல் பாம்பு கடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இனத்தால் இறந்தவர்கள் என்று சொல்வார்கள்.

காசிமேட்டில் என் வயதுள்ள ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அது ஒன்னியும் பண்ணாது சார். வலையில மாட்டினு அதுவே தவிச்சினு கீது. வாலைப் புட்ச்சி கடல்ல வீசிடுவோம்" என்றார். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. பினாங்கில் 1950களில் ரீட் என்ற டாக்டர், கடல் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த மீனவர்களைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைத்தார். பெரும்பாலோருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கடித்தாலும் விஷத்தை வீணாக்காத பாம்பு அது. ஆகவே பத்துப் பேர் கடிபட்டு எட்டுப் பேர் மறுநாளும் கடலுக்குப் போனால், "ஒன்னியும் பண்ணாது" என்ற முடிவுக்கு வருவது இயற்கை.

ஆபத்து அந்த மீதிப் பேரிடம் இருக்கிறது. கடிவாயில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல் அவ்வளவு சின்னது. முள் குத்தியது என்றே நினைத்துக்கொள்ளலாம். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், தொடை எல்லாம் வலிக்க ஆரம்பிக்கும். உடம்பு விறைக்கும், தாடை பிடிக்கும். பிறகு கண்ணிமை தொங்கும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகும். தசை சிதைந்து அதிலிருக்கும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். மூச்சும் நின்றுபோகலாம், பொட்டாசியம் ஏறி இதயமும் நின்றுபோகலாம்.

இப்போது யோசியுங்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்தவனுக்கு எந்த நாள் உடம்பு வலிக்காமல் இருந்தது? ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவருக்குத் திடீரென்று உடம்பு முழுக்க வலி வந்தால் பயந்து டாக்டரிடம் ஓடுவார். மீனவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகில் படுத்துவிடுவார். இந்த விஷத்தின் முதல் அறிகுறியும் அவர் தொழிலின் அன்றாட வலியும் ஒன்றாக இருப்பதுதான் இதில் கொடுமை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் கடல் பாம்பு விஷத்துக்கு முறிவு மருந்து தயாராவதில்லை. நான் மேலே சொன்ன வெள்ளைப் பொடியை ஏற்றினால் பயனில்லை. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாமைதான் மிஞ்சும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்று மருந்து செய்கிறார்கள். அதற்குக் குதிரைகளில் ஏற்றும் விஷமே நான் சொன்ன அந்த அலகுப் பாம்பின் விஷம்தான்! நம் கடலில் நீந்துகிற பாம்புக்கு மெல்போர்னில் மருந்து.

ஏன் இங்கே செய்வதில்லை? கணக்கு எளிது. கடிபடுகிறவர் குறைவு, அவரும் ஏழை. பணக்கார நாட்டிலும் இதே கணக்குதான். அமெரிக்காவின் பவளப் பாம்பு நம்முடையதைப் போலச் சாது இல்லை. அதற்கு 1967 முதல் அங்கே மருந்து இருந்தது. கடிபடுகிறவர்கள் மிகக் குறைவு, லாபம் இல்லை என்று கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. கடைசிச் சரக்கு 2008 அக்டோபரில் காலாவதி ஆக வேண்டும். வேறு வழி இல்லாமல், சோதித்துப் பார்த்து, வருஷா வருஷம் அந்தத் தேதியை நீட்டித்துக்கொண்டே போனார்கள். கிடங்கில் காலாவதித் தேதியோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு வினோதம் என்று தெரியும். வல்லரசுக்கே இந்தக் கதி என்றால், காசிமேட்டுக்காரருக்காக யார் குதிரை வளர்ப்பார்கள்?

அதனால் நாளைக்கே இங்கே மருந்து செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வந்தால் சந்தோஷம். விலை, காலாவதி, தேவை என்று அதிகாரிகள் சொல்லும் பதில்கள் எனக்கே மனப்பாடம். நான் கேட்பது காசில்லாத விஷயம்: பெயரை எழுதுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவுகளைப் பாதியாக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் அறிவித்தது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, வந்த கேஸைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல காரியம். ஆனால் "பாம்புக்கடி" என்று மட்டும் எழுதிவிட்டால், காசிமேட்டுக் கடியும் தஞ்சாவூர் வயல் கடியும் ஒரே எண்ணில் கரைந்துபோகும். "கடல் பாம்பு" என்று தனியாக எழுத வேண்டும். நோட்டில் ஏறாத பொருளுக்கு இண்டென்ட் போட முடியாது. இது ஸ்டோர் கீப்பரின் முதல் பாடம். எண்ணிக்கை இல்லாத நோய்க்கு யாரும் மருந்து செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது, அடையாளம் தெரிய வேண்டும். இந்தக் கடியிலிருந்து உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வென்டிலேட்டரும் டயாலிசிஸும்தான். வட சென்னைக்காரருக்கு அவை ஸ்டான்லியில் இருக்கின்றன. நேரத்தோடு வந்து சேர்ந்தால் பிழைக்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் ஒரு நர்ஸ் காசிமேட்டிலும் எண்ணூரிலும் போய் அரை மணி நேரம் பேசினால் எவ்வளவோ புண்ணியம். எண்ணூர் கழிமுகத்தில் வெறும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. நாட்டுக்கே விஷம் எடுத்துக் கொடுக்கும் சமூகம் அது.

படிக்கிற உங்களில் யாருக்காவது கடலுக்குப் போகும் சொந்தமோ நட்போ இருந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். மீன் பிரிக்கும்போது வெறும் கையை விடாதீர்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலுக்குக் கட்டை வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டு, வலை இழுக்க விடாமல் படுக்க வையுங்கள். வலி இல்லை என்று காத்திருக்காமல் படகைத் திருப்புங்கள். சிறுநீர் நிறம் மாறினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "கடல் பாம்பு" என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.