அனுமதி இல்லை என்றால், யாருக்கு?

கல்வராயன் மலையில் செல்போன் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். அப்படிப்பட்ட இடத்துக்கு மின்னஞ்சல் இன்றும் தோதானது. வந்த மடல் அஞ்சல்பெட்டியில் காத்துக் கிடக்கும். எழுதிய மடல் போனிலேயே இருந்து, சிக்னல் கிடைத்ததும் கிளம்பும். மலைப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு மடலாடற்குழு நடத்துவதாகவும், அதன் சர்வர் கள்ளக்குறிச்சியில் ஓர் அறையில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை, குழுவுக்குப் போட்ட மடலெல்லாம் திரும்பி வருகிறது. லாக்கைத் திறந்து பார்த்தால் வரிக்கு வரி கோப்பு அனுமதிப் பிழை.

இந்தக் கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: மொத்தக் கோப்புறைக்கும் 777 போட்டுவிடுவார்கள். சில சமயம் மடல் ஓடவும் தொடங்கும். ஆனால் அது தீர்வு இல்லை. ஏன் என்று பொறுமையாகப் பார்க்கலாம்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு உண்டு. இவர்கள் இருவரிலும் சேராதவர்கள் பிறர். மூன்று இலக்கங்கள் இந்த மூன்று தரப்புக்கும் உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஆக 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும், அதில் ஓடும் எந்த நிரலும் கோப்பைப் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மடலாடற்குழுவில் அந்தக் கோப்பு எதுவென்று யோசிக்க வேண்டும். மடலாடற்குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளின் 2ஆம் பதிப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன. கடவுச்சொற்கள் மறையாக்கம்கூட செய்யப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். 777 போட்டவர் இதைத்தான் எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மெயில்மேன் அந்தக் கோப்பை இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒன்றை எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. புதிய கோப்பு, பிறருக்கு மூடிய அனுமதியோடுதான் உருவாகும். இன்று சரியானதுபோல் தெரிந்த சர்வர், அடுத்த உறுப்பினர் சேர்ந்ததும் பழைய பிழையைக் காட்டுவது இதனால்தான். போதாக்குறைக்கு, வலைப்பக்கத்தை இயக்கும் சிறு நிரல்களில் மெயில்மேன் குழுவின் பெயரில் ஓடுவதற்கான ஒரு சிறப்புக் குறி இருக்கும். 777 கட்டளை அந்தக் குறியையும் துடைத்துவிடும். எல்லாவற்றையும் திறப்பதாக நினைத்துத் தேவையான ஒன்றைப் பிடுங்கிப் போட்டதுதான் மிச்சம்.

அந்த வகைக் குறியின் கதை சுவையானது. ஒரு நிரலை இயக்குபவர் யாராக இருந்தாலும், நிரலின் உரிமையாளர் பெயரிலேயே அதை ஓடவைக்கும் உத்தியை யுனிக்ஸுக்குக் கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிட்சி. 1973இல் அவர் விண்ணப்பிக்க, 1979இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே வேலை செய்கிறது. மெயில்மேன் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல: சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடலாடற்குழு பல காலம் ஐஐடி மெட்ராஸ் விண்வெளிப் பொறியியல் துறையின் சர்வரில் மெயில்மேனைக் கொண்டுதான் நடந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிழையைப் பார்ப்பவர் பெரும்பாலும் ரூட்டாக, அதாவது அனுமதித் தடை இல்லாத நிர்வாகிக் கணக்கில், உள்ளே நுழைந்திருப்பார். அவர் கோப்பைத் திறந்தால் திறக்கிறது. 'நல்லாத்தானே இருக்கு' என்று குழம்புகிறார். தடுக்கப்பட்டது அவர் இல்லையே! மடலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு பெயரில் ஓடுகிறது, மடலைப் பங்கிட்டு அனுப்பும் மெயில்மேன் வேறொரு பெயரில், வலைப்பக்கத்தைக் காட்டும் அப்பாச்சி இன்னொரு பெயரில். டெபியன் வகை லினக்ஸில் மெயில்மேனுக்கு 'லிஸ்ட்', அப்பாச்சிக்கு 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. எந்தப் பெயர் தடுக்கப்பட்டதோ அந்தப் பெயராக மாறி அதே கோப்பைத் திறந்து பாருங்கள். 'சூடோ -யு' கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, மெயில்மேனின் புகழ்பெற்ற 'குரூப் மிஸ்மேட்ச்' பிழை. 'மெயில்மேன் குழுவின் பெயரில் என்னை இயக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். நோபடி குழுவின் பெயரில் இயக்கிவிட்டார்கள்' என்பதுதான் அதன் சாரம். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மடலை வெளி நிரலிடம் கொடுக்கும்போது, எந்த முகவரிக்கான மடல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பட்டியல் கோப்பின் உரிமையாளர் யாரோ அவர் பெயரில் அந்த நிரலை இயக்கும். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமானால், பாதுகாப்புக் கருதி 'நோபடி' பெயருக்கு இறங்கிவிடும். யாரோ ஒருவர் ரூட்டாக இருந்து அந்தப் பட்டியலைப் புதுப்பித்திருப்பார். கோப்பு ரூட்டின் கைக்குப் போயிருக்கும். பட்டியலின் தரவுக் கோப்பை மெயில்மேன் பயனரின் பெயருக்கு மாற்றினால் வேலை முடிந்தது. எதிர்பார்க்கும் குழு எது என்பது நிரலைத் தொகுக்கும்போதே உள்ளே பதிந்துவிடுவதால், 777 இங்கே எந்த மாற்றமும் செய்யாது.

அடுத்தது பாதை. வெள்ளிமலையில் ஒரு வீட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கலாம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஒரு சோதனைச்சாவடியில் மறித்துவிட்டால் அந்தச் சாவியால் என்ன பயன்? கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் பிழை வந்தால், அதற்கு மேலே உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோப்புறைக்கு 'இயக்க' அனுமதி என்றால் அதைக் கடந்து போக அனுமதி என்று பொருள். 'நேம்ஐ -எல்' என்ற கட்டளை, வேர்க் கோப்புறை முதல் கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். இவ்வளவு பயனுள்ள கட்டளை இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது வியப்புதான்.

சர்வரை இடம் மாற்றியபின் வரும் பிழைகள் தனி ரகம். 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 34ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி தொடங்கப்பட்டது. அந்தச் சமயத்தில் நம் கற்பனைக் குழுவும் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறியது என்று கொள்வோம். பழையதில் சென்ட்ஓஎஸ், புதியதில் அப்போதைய டெபியன். கோப்பின் உரிமையாளரை வட்டு நினைவில் வைத்திருப்பது பெயராக அல்ல, எண்ணாக. சென்ட்ஓஎஸ்ஸில் மெயில்மேனின் எண் 41. டெபியனில் 'லிஸ்ட்' 38. 41 என்பதோ 'நாட்ஸ்' என்ற சம்பந்தமே இல்லாத கணக்கு. எண்ணை அப்படியே வைத்து நகலெடுத்திருந்தால் குழுவின் கோப்பெல்லாம் நாட்ஸுக்குச் சொந்தமாகியிருக்கும். உரிமையாளரை மாற்றியபின் மெயில்மேனோடு வரும் 'செக்_பெர்ம்ஸ்' நிரலை '-எஃப்' சேர்த்து ஓட்டுங்கள். உரிமையாளரை மாற்றும்போது அந்தச் சிறப்புக் குறிகள் போய்விடும். அவற்றை மீட்டுவைப்பதும் இந்த நிரலின் வேலை.

ரூட்டாக இருந்து வேலை பார்ப்பதால் முளைக்கும் பிழைகள்தான் நிறைய. ரூட்டாக ஒரு கட்டளை கொடுத்தால் அது புதிதாக உருவாக்கும் லாக் ரூட்டுக்குச் சொந்தம். அடுத்த நிமிடம் மெயில்மேனால் அதில் எழுத முடியாது. நொந்துபோன மெயில்மேன் 3 உருவாக்குநர்கள், ரூட்டாகக் கட்டளை கொடுத்தால் ஓட மறுக்கும்படியே செய்துவிட்டார்கள். அதற்கென்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் ஓடும், சேர்க்காதீர்கள். இந்தப் பதிப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் வெளி நிரலை இயக்காமல், மடலை எல்எம்டிபி என்ற நெறிமுறை வழியாகக் கொடுப்பதால் குரூப் மிஸ்மேட்ச் தொல்லை இல்லை. மடல் வரிசையில் நின்றுபோனாலும் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். பதற்றப்பட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

உரிமையாளர், குழு, பாதை எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், ரெட்ஹாட் வழிக் கணினியில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். அதன் மறுப்பு ஆடிட் லாக்கில் இருக்கும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவது 777இன் அண்ணன்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது மூன்றை அனுப்புங்கள்: லாக்கில் வந்த பிழை வரி அப்படியே, தடுக்கப்பட்ட பயனரின் பெயர், அந்தப் பாதைக்கு நேம்ஐ காட்டிய வரிசை. குழுவின் அமைப்புக் கோப்பை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.